இரண்டாம் பாகத்துச் சாவி

அறுபத்தேழாம் வருஷம் நான் நூலகப் படிப்பு படிக்க மெட்ராசுக்குப் போனேன். பி.ஏ. முடித்தவர்களுக்கான ஒரு வருஷப் படிப்பு. புத்தகத்தை அடுக்கி வைக்க ஒரு வருஷமா என்று செஞ்சி கடைத்தெருவே சிரித்தது. பாத்திரக் கடையில் பிறந்தவளுக்கு அடுக்கத் தெரியாதா என்று என் அம்மா ராஜாம்பாளே கேட்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா மட்டும் சிரிக்கவில்லை. பீஸ் கட்டினார், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பாஸ் பண்ணினால் மெட்ராசிலேயே வேலைக்குப் போகலாம், பெயிலானால் திண்டிவனத்து இரும்புக்கடைக்காரர் மகன். அந்தப் பையனுடைய ஜாதகம் எங்கள் வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் தயாராகச் சொருகி வைக்கப்பட்டிருந்தது. முருகனைக் கும்பிடும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கும்பிட வேண்டியிருந்ததில் எனக்கு ஏக எரிச்சல்.

அந்த வருஷம்தான் பாடத்தில் 'தகவல் இயல்: அறிமுகம்' என்று ஒரு தாளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதை எடுத்தவர் சுந்தராம்பாள் மேடம். கஞ்சி போட்ட நூல் புடவை, புடவையை விட விறைப்பான குணம். முதல் வகுப்பில் அவர் புத்தகம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. "ஒரு பக்கம் தெரிஞ்சவங்க இருக்காங்க. இன்னொரு பக்கம் தெரிஞ்சுக்கணும்னு தவிக்கிறவங்க இருக்காங்க. நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. அதுதான் இந்தப் பாடம்" என்றார். இது பரீட்சைக்கு வருமா என்று ஒருத்தி கேட்டாள். இது மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போர்டைத் துடைத்தார். நடுவில் இருப்பதையெல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எனக்கு எப்போதும் அவசரம்.

அந்தத் தாளில் பாதி மார்க்கு செய்முறைக்கு. அவரவர் ஊருக்குப் போய், அங்கே இருக்கிற ஒரு நூலகத்தை ஒழுங்குபடுத்தி, எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி வைக்க வேண்டும். மேடமே நேரில் வந்து பார்த்து மார்க்குப் போடுவார். இதில் கோட்டை விட்டால் திண்டிவனம்தான்.

எங்கள் ஊரில் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் நூர் முகமது பாய். காலையில் பேப்பரை விரித்துப் போடுவார், சாயந்திரம் மடித்து வைப்பார், நடுவில் வருகிறவர்களோடு உலக விஷயம் பேசுவார். நான் அட்டையும் மைக்கூடுமாகப் போய் இறங்கியதும், எல்லாவற்றையும் இஷ்டம்போல் மாற்றிக்கொள் என்று தாராளமாகச் சொன்னார். பிறகு வாசலை ஒட்டி நின்ற இரண்டு அலமாரிகளைக் காட்டி, "அந்த ரெண்டையும் மட்டும் தொடாதம்மா. அது உங்க குடும்ப விவகாரம்" என்றார்.

விவகாரம் எனக்குத் தெரியாததா? தாத்தா போனதும் நைனாவும் கனகராஜ் சித்தப்பாவும் கடையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கடையின் பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று தொடங்கிய பேச்சு, கடைக்கு நடுவே சுவர் எழுப்புவதில் போய் முடிந்தது. அண்டா உனக்கு, குண்டான் எனக்கு என்று ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்தார்கள். தாத்தாவுக்குக் கதைப் புத்தகப் பைத்தியம் உண்டு. அவர் சேர்த்து வைத்த புத்தகங்களையும் அண்டாவைப் போலவே பிரித்தார்கள். 'மரகதவல்லியின் மர்மம்' என்று நாலு பாகத்தில் ஒரு துப்பறியும் நாவல். அதில் ஒன்றும் மூன்றும் நைனாவுக்கு, இரண்டும் நாலும் சித்தப்பாவுக்கு. அரைக் கதையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? நைனா தன் பங்கை ஒரு தேக்கு அலமாரியில் போட்டுப் படிப்பகத்துக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே சித்தப்பா தன் பங்கைக் கொடுத்தார், அலமாரி ஒரு சாண் உயரம் கூட. இரண்டுக்கும் பூட்டு உண்டு. சாவிகள் அவரவர் கடையில், கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கும். முதல் பாகம் வேண்டுமென்றால் தெருவைத் தாண்டி நைனா கடைக்குப் போய்ச் சாவி வாங்கி வர வேண்டும். அதை முடித்துவிட்டு இரண்டாம் பாகம் என்றால் சித்தப்பா கடை. மரகதவல்லியைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள செஞ்சிக்காரர்கள் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்துகொள்ளத் தவிக்கிற வாசகர் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம், நடுவில் இரண்டு பூட்டு, இரண்டு வீம்பு. மேடம் சொன்னது இதைத்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன். நைனாவிடம் போய்ப் பரீட்சைக்கு என்று சொல்லிச் சாவியைக் கேட்டேன், கொடுத்தார். சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன். ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார், நன்றாகப் படி என்பது போல் தலையை மட்டும் ஆட்டினார். நூர் முகமது பாய் தலையில் கை வைத்துக்கொண்டு பார்க்க, இரண்டு அலமாரிகளையும் காலி செய்தேன். கதையைக் கதையோடும் வைத்தியத்தை வைத்தியத்தோடும் சேர்த்தேன். மரகதவல்லியின் நாலு பாகமும் தாத்தா காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தோளோடு தோள் நின்றன. சாவிகளை என் மேஜை ஆணியிலேயே மாட்டினேன்.

பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். பதில்கள் கூட யோசித்து வைத்திருந்தேன். சண்டை வரவேயில்லை. சங்கதி அடுத்த நாளே இரண்டு கடைக்கும் போயிருக்கும், ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பரீட்சைக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் போல என்று எனக்குப் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து நைனா படிப்பகத்துக்கு வந்தார். அந்த வாசல்படியை அவர் மிதித்து நான் பார்த்ததே இல்லை. பேப்பரைப் புரட்டினார், அலமாரியைத் தடவினார், தூசு இருக்கிறதா என்று விரலைப் பார்த்தார்.

"மீனம்பா இப்பல்லாம் வர்றதில்லயா பாப்பா?"

மீனம்பாள் அக்கா பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அந்த ஊரில் அவரைப் போல் கதை படிக்கிறவர் கிடையாது. தினமும் வருகிறார் என்றேன்.

"கடைப்பக்கம் காணமே."

"சாவி இங்கயே இருக்குது நைனா. அவங்க இன்னாத்துக்கு அங்க வரணும்?"

அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும்போது இருமினார். அவர் தோள் கொஞ்சம் தொங்கியிருந்தது போலப் பட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். சுற்றியிருக்கிற பாறை மலைகள் சூடேறினால் எங்கள் ஊரில் யாருக்குமே தோள் நிமிராது.

அன்று சாயந்திரம் மீனம்பாள் அக்காவிடம் கேட்டேன், இப்போது சௌகரியமாக இருக்கிறதா என்று. பாராட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவர் மூன்றாம் பாகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"சௌகரியந்தான். ஆனா உங்க நைனா பாடுதான் பாவம். நான் சாவிக்குப் போனா உக்கார வச்சு மோர் குடுப்பாரு. கதை எங்க நிக்குதுன்னு கேக்கிற மாதிரி கேட்டுட்டு, அங்க வியாபாரம் எப்டிப் போவுது, அவன் உடம்பு எப்டி இருக்குதுன்னு கேப்பாரு. அந்தக் கடைக்குப் போனா உங்க சித்தப்பா, அண்ணன் இருமல் நின்னுச்சான்னு கேப்பாரு. எத்தினி வருஷமா நடக்குது இது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து பட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சித்தப்பா வீட்டுப் பேச்சை எடுக்கக்கூடாது என்று நைனா பாகம் பிரித்த அன்றைக்கே சாமி மேல் ஆணை வைத்துவிட்டார். பெண்டாட்டியிடம் கேட்க முடியாது, மகளிடம் கேட்க முடியாது. கேட்கக்கூடிய ஆட்கள் இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே நடக்கிற வாசகர்கள் மட்டும்தான். அந்த வழியைத்தான் நான் அட்டை போட்டு அடைத்திருந்தேன்.

அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார் அக்கா. சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை. நான் சாவி வாங்கிய மறுநாளே பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஆப்ரேஷன் முடிந்து வந்து வீட்டில் படுத்திருக்கிறார், இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. அவர் பாண்டிக்குப் போனது மட்டும்தான் நைனாவுக்குத் தெரியுமாம். வந்தாரா, பார்வை வந்ததா, ஒன்றும் தெரியாமல்தான் அந்த மனுஷன் படிப்பகத்து அலமாரியில் தூசு பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, என் மேலேயே கோபமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போய், சாப்பிடுகிற நேரம் பார்த்து, சித்தப்பா பாண்டியிலிருந்து வந்துவிட்டாராம் என்று ஆரம்பித்தேன். 'சித்தப்பா' என்று சொன்னதுமே நைனா இலையை விட்டு எழுந்தார். அம்மா என்னை முறைத்தாள். ஆணை ஆணைதான். கேட்க ஆசைதான், ஆனால் இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது. இந்த மாதிரி வீம்பை எந்த அச்சில் வார்த்தார்களோ தெரியவில்லை, உடையவே உடையாது.

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மேடம் வருகிறார். நான் புத்தகங்களைப் பழையபடி மாற்றப் போகிறேன் என்றதும் நூர் முகமது பாய் பதறிப்போனார். ஒரே நாள் பொறுத்துக்கொள், அந்தம்மா பார்த்து மார்க்குப் போட்டுவிட்டுப் போகட்டும், சனிக்கிழமை நானே மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினார். நியாயமான யோசனை. நானும் ரொம்ப நேரம் மரகதவல்லியின் நாலு முதுகையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் மெட்ராஸ், ஒரு பக்கம் திண்டிவனம். ஆனால் நைனா இலையை விட்டு எழுந்த முகம் கண்ணிலேயே நின்றது. இன்னொரு நாள் அவரை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை.

ஒன்றையும் மூன்றையும் நைனா அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டையும் நாலையும் சித்தப்பா அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அட்டைகளைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். 'இரண்டாம் பாகம்: அடுத்த அலமாரி. சாவி: எதிரே, கனகராஜ் பாத்திரக் கடை, நேரில் கேட்டுப் பெறவும்.' இப்படி ஒரு அட்டையை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டிருக்காது. நைனா சாவியை அவர் கடை ஆணியில் மாட்டிவிட்டு, சித்தப்பா சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சித்தி செந்தாமரை வாங்கிக்கொண்டாள். நாளைக் காலையில்தான் டாக்டர் வீட்டுக்கு வந்து கட்டு அவிழ்க்கிறார் என்றாள்.

மேடம் வந்தார். புடவை பஸ்ஸில் கசங்கியிருந்தது, குணம் கசங்கவில்லை. மற்ற அலமாரிகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அட்டைகளை எடுத்து விளிம்பைச் சரிபார்த்தார். பிறகு மரகதவல்லியின் அட்டை கையில் வந்தது. ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

ஒரே நூலின் பாகங்களைப் பிரித்து வைக்கலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். காரணம் கேட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மற்ற அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன். இரண்டாம் பாகத்தை எடு என்றார். சாவி எதிர்க் கடையில் இருக்கிறது என்றேன். அவருக்கு வந்த கோபத்தை நான் வகுப்பில் கூடப் பார்த்ததில்லை. ஒரு வாசகர் என்ன பாடு படுகிறார் என்று நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கிவிட்டார்.

நானும் பாயும் ஜன்னலோரம் நின்றோம். சித்தப்பா கண்ணுக்கு மேல் பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மேடம் நின்றபடியே ஏதோ கேட்டார். சித்தப்பா முக்காலியை இழுத்துப் போட்டார். மேடம் உட்கார்ந்தார். குடிக்கக் கலர் சோடா வந்தது. போச்சு, திண்டிவனம் என்றேன் நான். பொறும்மா என்றார் பாய்.

சாவியோடு திரும்பி வந்த மேடம் இரண்டாம் பாகத்தை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். "பக்கத்துக் கடைக்காரர் இருமலுக்கு சித்தரத்தை கசாயம் நல்லதாம். அதை ஏன் எங்கிட்ட சொல்றார்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. தாத்தாவிலிருந்து ஆரம்பித்து, முந்தாநாள் ராத்திரி இலையை விட்டு நைனா எழுந்தது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குறுக்கே ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. முடித்ததும் எழுந்து, மூன்றாம் பாகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, வா போகலாம் என்றார்.

நைனா ஒரு பித்தளைக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் மேடத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். என் படிப்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டாம் பாகம் படிச்சிட்டீங்களா? அங்க போனீங்களா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "கண்ணு தெரியுதாமா?" என்று கேட்டார்.

"தெரியுது. என் புடவைக் கரை என்ன கலர்னு சொன்னார்" என்றார் மேடம்.

நைனா குடத்தைக் கீழே வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. சரி, சரி என்று குடத்திடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பார்க்கிறாள் என்று அவருக்குக் கூச்சம் வேண்டாமே என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மேடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "நான் சாயந்திர பஸ்ஸுக்குப் போயிடுவேன். இந்த ஊர்ப் படிப்பகத்துல நான் மெம்பரும் இல்ல. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா நீங்களே மெம்பரா சேர்ந்து, ரெண்டாம் பாகம் கேட்டு, சாவிக்குப் போகலாம். விதியில தடை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, நைனா பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

மார்க்குத் தாளை என் எதிரிலேயே எழுதினார். அடுக்குமுறை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார், பேனாவை நன்றாக அழுத்தியே போட்டார். வாசகர் பயன் என்ற இடத்தில் முழு மார்க்கு. கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் பாஸ். இரண்டு சாவிகளையும் பாயிடம் கொடுத்து அவரவர் கடைக்கு அனுப்பினார். வேறு எந்த ஊரிலும் இப்படி வைத்துவிடாதே என்று எச்சரித்துவிட்டு பஸ் ஏறினார். ஏறும்போது, மரகதவல்லியைக் கொன்றது யார் என்று என்னிடம் கேட்டார். நான் முதல் பாகம்தான் படித்திருந்தேன். தாத்தா தவிர எங்கள் வீட்டில் யாரும் முழுசாகப் படித்ததில்லை.

நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தபோது நைனா படிப்பகத்தில் இருந்தார். கடையில் எப்போதும் பனியனோடு இருக்கிறவர், சட்டை போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டியிருந்தார். நூர் முகமது பாய் அவருக்கு உறுப்பினர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கிருஷ்ணமூர்த்தி, பாத்திர வியாபாரம் என்று எழுதி மை காய ஊதினார்.

பாஸ் ஆகிவிட்டேன் என்றேன். தெரியும் என்பது போலத் தலையசைத்தார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி கேட்டார்.

"ரெண்டாம் பாகம் வேணும் பாப்பா. சாவி எங்க இருக்குது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அட்டையை எடுத்து, எந்த வாசகருக்கும் படிக்கிற மாதிரியே படித்தேன். "எதிர்ல, கனகராஜ் பாத்திரக் கடையில இருக்குது. நேர்ல கேட்டு வாங்கினு வரணும்."

நைனா தெருவைத் தாண்டினார். தன் கடைப் படியில் கால் வைத்தவர் எடுத்துவிட்டு, அடுத்த கடைப் படியில் ஏறினார். சித்தப்பா பச்சைத் துணியை விரலால் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று பார்த்தார். பிறகு சித்தப்பா முக்காலியை இழுத்துப் போட்டார்.

விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் சாவி வரவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு நூர் முகமது பாய் பூட்டை எடுத்தார். வாசகர் ஒருத்தர் சாவிக்குப் போயிருக்கிறார், அவர் வரட்டும், அப்புறம் பூட்டலாம் என்றேன். பாய் பூட்டை மேஜை மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.